நாலு மணிக் காபியும் ஒரு மணிச் சாம்பாரும்

கும்பகோணத்தில் இரும்புச் சாமான் கடை ஒன்றில் கணக்கெழுதிப் பிழைப்பவன் நான். பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து காலையில் பேருந்து பிடித்து வந்து, இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவன். இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பு எனக்கு ஒரு தொல்லை தொடங்கியது. மாலை ஐந்து மணி ஆனால் வயிறு பறையைப் போல விம்மும். பேரேட்டின் முன் உட்கார்ந்திருக்கும்போதே குடலுக்குள் தண்ணீர் ஓடுவதைப் போலச் சத்தம் கேட்கும். இடுப்பு வாரை ஓர் ஓட்டை தளர்த்தினால்தான் நிமிர்ந்து உட்கார முடியும். சில நாள் விடியற்காலையில் மூன்று முறை, நான்கு முறை கழிப்பறைக்குப் போய்வந்த பிறகுதான் சட்டையை மாட்ட முடியும். சில வாரம் ஒன்றுமே இருக்காது. இப்படி வருவதும் போவதுமாக இருந்த ஒன்றை எந்த உணவு செய்கிறது என்று கண்டறிய எனக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆயிற்று. அதில் முதல் பதினான்கு மாதத்தை முழுக்க வீணடித்தேன். அந்த வீணடித்த கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்தில் வயிற்று உபத்திரவம் என்று வாயைத் திறந்தால் போதும், கேட்பவர் ஒவ்வொருவரும் ஒரு பத்தியப் பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்புவார். கத்தரிக்காய் கரப்பான் பண்டம் என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். உருளைக்கிழங்கும் வாழைக்காயும் வாயு என்றாள் அம்மா. கடை முதலாளி, காபியை விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். பொன்னி அரிசிதான் எல்லாவற்றுக்கும் காரணம், மாப்பிள்ளைச் சம்பாவுக்கு மாறுங்கள் என்று உர வியாபாரி ஒருவர் சொன்னார். உரம் விற்பவரே இதைச் சொன்னதால் எனக்கு அதில் கூடுதல் நம்பிக்கை வந்தது. இவற்றுள் எதையும் நான் ஏளனமாகப் பார்க்கவில்லை. பருப்பு வாயு என்று பெரியவர்கள் சொன்னதும், அதோடு பெருங்காயத்தைச் சேர்த்ததும் வெறும் கற்பனையாலன்று. பருப்பில் உள்ள சில சர்க்கரைகளைச் செரிக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை, அவை பெருங்குடலுக்குப் போய்ப் புளித்துக் காற்றாகின்றன. ஆனால் பட்டியல் ஊருக்குப் பொது, வயிறு அவரவருடையது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முதலில் பால் காபியை விட்டேன். கும்பகோணத்தில் வேலை பார்த்துக்கொண்டு பாலில்லாத கறுப்புக் காபி கேட்பவனை டபராவோடு நிற்கும் கடைக்காரர் எப்படிப் பார்ப்பார் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். எனக்கு மாலை நாலு மணிக்குக் காபி குடிக்கும் வழக்கம். ஐந்து மணிக்கு வயிறு விம்மும். எனவே பால்தான் குற்றவாளி என்ற தீர்ப்பில் எனக்கு எள்ளளவும் ஐயம் இருக்கவில்லை. விட்ட பத்து நாளில் வயிறு நன்றாக இருந்தது. பிறகு பழையபடி ஆயிற்று. அடுத்துக் கத்தரிக்காய், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா வைக்கும் கத்தரிக்காய்க் காரக்குழம்பைச் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் தொல்லை தொடங்கிவிடும். அதை விட்டதும் மறுபடி பத்து நாள் சுகம், மறுபடி பழைய கதை. அதன்பின் சப்பாத்தி. இரவுச் சாப்பாட்டைச் சப்பாத்திக்கு மாற்றிய பிறகுதான் விடியற்காலை ஓட்டம் தொடங்கியது என்று நினைவு. பிறகு உருளைக்கிழங்கு, அதற்கும் பிறகு வாழைக்காய். ஒவ்வொன்றாகக் கைவிட்டு, இலையில் மிஞ்சியதை எண்ணிப் பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டேன்.

ஒவ்வொரு முறையும் அந்தப் பத்து நாள் சுகம் ஏன் கிடைத்தது என்று இப்போது புரிகிறது. ஏறி இறங்கும் இயல்புள்ள ஒரு நோயில், மனிதன் மருந்தையோ பத்தியத்தையோ தேடிப் போவது அது உச்சத்தில் இருக்கும் நாளில்தான். உச்சத்தில் இருப்பது எதைச் செய்தாலும், ஒன்றும் செய்யாமலிருந்தாலும், சில நாளில் இறங்கத்தான் செய்யும். மேட்டூரில் தண்ணீரை நிறுத்தினால் குடமுருட்டியில் வெள்ளம் வடியும். கரையில் நின்று கற்பூரம் ஏற்றியவர் தம்மால்தான் வடிந்தது என்று நினைத்துக்கொண்டால் யார் என்ன செய்ய முடியும்? இதோடு, இதை விட்டால் சரியாகும் என்ற நம்பிக்கையும் குடலை ஓரளவு அமைதிப்படுத்துகிறது. இரண்டும் சேர்ந்து எனக்கு ஐந்து முறை பொய்ச்சாட்சி சொல்லின.

இந்த இடைவெளியில் ஒரு பரிசோதனைக்கூடத்தின் விளம்பரத்தைப் பார்த்து, இருநூற்றுச் சொச்சம் உணவுகளுக்கு இரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்புரதத்தை அளந்து சொல்லும் சோதனையைச் செய்துகொண்டேன். என் அரை மாதச் சம்பளம் அதில் போயிற்று. வண்ணத்தில் அச்சிட்ட பல பக்க அறிக்கை வந்தது. அரிசி சிவப்பு, உளுந்து சிவப்பு, தேங்காய் சிவப்பு, பால் சிவப்பு. நெல் வயலுக்கு நடுவே பிறந்தவனுக்கு அரிசி ஆகாது என்று ஒரு காகிதம் சொல்கிறதே என்று கலங்கிப்போய், பதினொரு நாள் கேழ்வரகுக் களியாகவே சாப்பிட்டேன். வயிறு பழையபடியேதான் இருந்தது. பன்னிரண்டாம் நாள் இரவு அறிக்கையை மறுபடி விரித்துப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. நான் வாழ்நாளில் தொட்டே பார்க்காத சால்மன் மீன், ப்ளூபெர்ரி, வான்கோழி எல்லாம் பச்சை. நான் அன்றாடம் தின்பவை எல்லாம் சிவப்பு. நான் எதை அடிக்கடி சாப்பிடுகிறேன் என்பதை எனக்கே பணம் வாங்கிக்கொண்டு சொல்லியிருக்கிறார்கள். ஐஜிஜி என்பது உடல் ஒரு உணவைச் சந்தித்திருக்கிறது என்பதற்கான அடையாளமே தவிர, அந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கான சான்றன்று என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் கழகம் 2008-லேயே அறிவித்து, உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருப்பதை மிகவும் பிற்பாடுதான் படித்தேன்.

பிறகுதான் தஞ்சாவூரில் குடல் மருத்துவர் ஒருவரிடம் போனேன். அவர் உணவைப் பற்றி எதுவும் கேட்பதற்கு முன்பு வேறு கேள்விகளைக் கேட்டார். எடை குறைந்ததா, மலத்தில் இரத்தம் போகிறதா, தூக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்கு வலி வருகிறதா, காய்ச்சல் உண்டா, வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா, புதிதாக ஏதேனும் மாத்திரை சாப்பிடுகிறேனா என்று வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை வயிற்றுப்போக்கை உண்டாக்கும் என்றும், அதைச் சாப்பிட்டுக்கொண்டே சோற்றையும் குழம்பையும் குறை சொல்பவர்கள் நிறையப் பேர் வருவார்கள் என்றும் சொன்னார். எனக்குச் சர்க்கரை இல்லை. இரத்த எண்ணிக்கை, தைராய்டு இரண்டும் சரியாக இருந்தன. சப்பாத்தியை நிறுத்தி நான்கு மாதம் ஆகிறது என்று நான் பெருமையோடு சொன்னபோது மட்டும் அவர் முகம் சுருங்கியது.

கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் சேதமாகும் சீலியாக் நோய் தென்னிந்தியாவில் அரிது. வட இந்தியாவில் ஏறக்குறைய நூறில் ஒருவருக்கு என்றால் இங்கே ஆயிரத்தில் ஒருவருக்கு என்ற கணக்கில்தான் இருக்கிறது. ஆனாலும் இல்லை என்று உறுதி செய்யாமல் விடக்கூடாது. அதற்கான இரத்தச் சோதனையோ கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருப்பவரிடம் மட்டுமே சரியாகப் பேசும். நிறுத்திவிட்டால் எதிர்ப்புரதம் மெல்லக் குறைந்து, நோய் இருப்பவருக்கும் இல்லை என்றே காட்டக்கூடும். எனவே ஆறு வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். கோதுமையைச் சந்தேகிப்பவர்கள் அதை நிறுத்துவதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்துகொள்வது நல்லது; எனக்கு அது தெரியாததால் ஆறு வாரம் பின்னோக்கிப் போக வேண்டியதாயிற்று.

அந்த ஆறு வாரத்தில்தான் முதல் துப்பு கிடைத்தது. இரவில் விருந்தாளிகளும் பிள்ளையும் சோறு கேட்பதால், சப்பாத்தியைக் காலையில் போட்டு எனக்கு மதியத்துக்குக் கட்டிக் கொடுத்தாள் மனைவி. குருமா வைத்தால் பேருந்தின் குலுக்கலில் டப்பாவின் மூடியைத் தாண்டிக் கசிந்து பையிலிருக்கும் ரசீதுப் புத்தகத்தை நனைத்துவிடும் என்பதால், தொட்டுக்கொள்ளக் கெட்டித் தயிரும் நார்த்தங்காய் ஊறுகாயும் மட்டுமே வைத்தாள். குற்றவாளி என்று நான் நான்கு மாதம் ஒதுக்கி வைத்த கோதுமையைத் தினமும் மூன்று சப்பாத்தியாகத் தின்றும், மாலை ஐந்து மணித் தொல்லை கிட்டத்தட்ட மறைந்தே போயிற்று. சோதனை முடிவும் சீலியாக் இல்லை என்று வந்தது. மருத்துவரிடம் இதைச் சொன்னேன். "சப்பாத்தியை நீங்கள் என்றைக்காவது வெறுமனே சாப்பிட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், இரவுச் சப்பாத்திக்கு எங்கள் வீட்டில் எப்போதும் வெங்காயக் குருமாதான்.

மருத்துவர் ஐ.பி.எஸ்., அதாவது இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம் என்று நோய்க்குப் பெயர் சொல்லி, குடல் சேதமாகவில்லை, ஆனால் கூச்சம் மிகுந்த குடல் என்று விளக்கி, ஒரு குறிப்பேடு எழுதச் சொன்னார். கணக்கெழுதுவது என் தொழில் என்பதால் இதில் மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவர் போட்ட ஒரே நிபந்தனை, முதல் இரண்டு வாரம் எதையும் விடாமல், எதையும் புதிதாகச் சேர்க்காமல், வழக்கமாகச் சாப்பிடுவதை அப்படியே சாப்பிட்டு எழுத வேண்டும் என்பது. தொடக்க இருப்பு தெரியாமல் வரவு செலவு எழுதினால் கணக்கு நிற்காது அல்லவா, அதேதான். நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு, சாப்பிட்ட நேரம், சாப்பிட்டவை, அவற்றில் சேர்ந்த சாமான்கள், தோராய அளவு, தூங்கிய மணி, விம்மலுக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு மதிப்பெண் என்று எழுதினேன். மலத்தின் தன்மைக்கு, பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் வகுத்த ஏழு படி அளவுகோல் உண்டு. ஒன்று என்றால் ஆட்டுப் புழுக்கை, ஏழு என்றால் வெறும் தண்ணீர், மூன்றும் நான்கும் இயல்பு. அருவருப்பான விஷயத்தை ஒற்றை எண்ணில் எழுதி முடித்துவிடலாம் என்பது அதன் பெரிய வசதி. கடையில் நோட்டை மேசை மேல் மறந்து வைத்தாலும் யாருக்கும் புரியாது.

சாமான்களைத் தனித்தனியாக எழுதியதுதான் கண்ணைத் திறந்தது என்று சொல்வேன். "சாம்பார்" என்று எழுதினால் அது ஒரு பதார்த்தம். "துவரம்பருப்பு ஒரு கை, சின்ன வெங்காயம் பதினைந்து, முருங்கைக்காய், புளி, தக்காளி இரண்டு" என்று எழுதினால் அது ஐந்து சாட்சிகள். நேரத்தை எழுதியதும் அதே அளவுக்கு உதவியது. சாப்பிட்டது பெருங்குடலை எட்டிப் புளிக்கத் தொடங்க நாலைந்து மணி நேரம் ஆகலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்தக் கணக்கோடு நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினால், மாலை ஐந்து மணி விம்மலுக்குப் பொறுப்பு நாலு மணிக் காபிக்கன்று, ஒரு மணிச் சாம்பாருக்கு. ஞாயிறு மதியம் கத்தரிக்காய்க் குழம்பில் கை வைத்ததும் தொடங்கும் தொல்லை, அன்று காலை எட்டரை மணிக்கு இட்லியோடு மூன்று கரண்டி ஊற்றிக்கொண்ட கடப்பாவினுடையது. கும்பகோணம் கடப்பா தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காயோடு அரைத்துவிட்டு, வெங்காயமும் பூண்டும் தாராளமாகச் சேர்த்துக் கொதிக்க வைப்பது.

இருந்தும் வெங்காயத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அதை யாருடைய பத்தியப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை, மாறாகக் குளிர்ச்சி என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். சந்தேகத்தைக் கிளப்பியது அமாவாசை. எங்கள் வீட்டில் அமாவாசையன்று படையலுக்குச் சமைப்பதில் வெங்காயமும் பூண்டும் சேராது. மற்றபடி அன்று இலையில் விழாத பொருள் இல்லை: பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், புடலங்காய்க் கூட்டு, உளுந்து வடை நான்கு, பாசிப்பருப்புப் பாயசம் இரண்டு தம்ளர், மேலே கெட்டித் தயிர். ஊர்ப் பட்டியலின்படி வாயு என்று சொல்லத்தக்கவை அத்தனையும் ஒரே இலையில். நோட்டில் அந்த நாளுக்கும் மறுநாளுக்கும் விம்மல் மதிப்பெண் ஒன்று. அடுத்த அமாவாசைக்கும் ஒன்று. கார்த்திகை விரதத்தன்று பூஜ்யம். இரண்டு மாத நோட்டில் இப்படி ஐந்து விரத நாள்கள் வந்தன. ஐந்தும் வெள்ளை மணிகளைப் போலத் தனித்துத் தெரிந்தன.

இதை அம்மாவிடம் சொன்னபோது, பித்ருக்களின் ஆசி என்றாள். நான் மறுக்கவில்லை. ஆனால் வேறு காரணங்களுக்கும் இடம் இருந்தது. விரத நாளில் காகத்துக்கு வைக்கும் வரை காலையில் ஒன்றும் சாப்பிடமாட்டேன். கடைக்கு அரை நாள் விடுப்பு. மதியம் ஒரு மணி நேரம் படுத்துத் தூங்குவேன். பட்டினியும் ஓய்வும் கூட வயிற்றைச் சரி செய்திருக்கலாம்.

மருத்துவரிடம் நோட்டைக் காட்டினேன். கோதுமை, வெங்காயம், பூண்டு மூன்றிலும் ஃபிரக்டான் என்ற சர்க்கரைத் தொடர் இருக்கிறது. அதை உடைக்கும் நொதி யாருடைய சிறுகுடலிலும் இல்லை. எல்லோருக்கும் அது பெருங்குடலில் புளித்துக் காற்றாகிறது, ஆனால் கூச்சமுள்ள குடலுக்கு அந்த விரிவே வலியாகிறது என்று விளக்கினார். இப்படிச் செரிக்காமல் புளிக்கும் சர்க்கரைகளை ஒன்றாகத் தொகுத்து ஃபாட்மேப் என்று பெயரிட்டவர்கள் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தார். அவர்களுடைய முறையில் சில வாரம் எல்லாவற்றையும் விலக்கி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது எவ்வளவு தாங்குகிறது என்று அறிந்துகொள்ள வேண்டும். நம்மில் பலர் முதல் பாதியைச் செய்துவிட்டு, சுகம் கண்டதும் அங்கேயே நின்றுவிடுகிறோம். விலக்குவது எளிது, திரும்பச் சேர்ப்பதற்குத்தான் தைரியம் வேண்டும் என்று அவர் சொன்னார். என் பதினான்கு மாதத்தை நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

மூன்று வாரம் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் சமைத்துக் கொடுத்தார்கள். வீட்டில் அது சிரமமில்லை, அமாவாசைச் சமையலைத் தினமும் செய்வதாக நினைத்துக்கொண்டால் முடிந்தது. வெளியில்தான் சிரமம். தட்டையிலும் மிக்சரிலும் பூண்டு இருக்கிறது. இட்லிப் பொடியிலும் சிலர் போடுகிறார்கள். மூன்றாம் வாரம் நோட்டில் மதிப்பெண் இரண்டைத் தாண்டவில்லை. ஆனால் இதையும் நான் உடனே நம்பத் தயாராக இல்லை. பத்து நாள் சுகத்திடம் ஐந்து முறை ஏமாந்தவன் ஆறாம் முறை எச்சரிக்கையாக இருப்பதில் வியப்பில்லை.

நார்வேயில் நடந்து 2018-இல் வெளியான ஒரு ஆய்வைப் படித்தது அந்த எச்சரிக்கையை இன்னும் கூட்டியது. சீலியாக் நோய் இல்லாமலேயே, தமக்குக் கோதுமை ஆகாது என்று தாமே முடிவு கட்டிக் குளூட்டனை விலக்கியிருந்த 59 பேருக்கு, பார்வையிலும் ருசியிலும் வேறுபாடு தெரியாத மூன்று வகைத் தின்பண்டக் கட்டிகளை ஒவ்வொன்றாக ஒரு வாரம் கொடுத்தார்கள். ஒன்றில் குளூட்டன், ஒன்றில் ஃபிரக்டான், ஒன்றில் இரண்டும் இல்லை. எதில் தொல்லை மிக அதிகம் என்று பார்த்தபோது, 24 பேருக்கு ஃபிரக்டான், 13 பேருக்குக் குளூட்டன், 22 பேருக்கோ ஒன்றுமே சேர்க்காத கட்டி. அந்த 22 பேரும் பொய் சொன்னவர்கள் அல்லர். ஏதோ வரப்போகிறது என்று எதிர்பார்க்கும் குடல் அதைத் தானாகவே வரவழைத்துக்கொள்கிறது. நானும் அந்த 22 பேரில் ஒருவனாக இருக்கலாம் என்ற நினைப்பு வந்த பிறகு, கண்ணைக் கட்டிக்கொண்டு சோதித்துப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்வதில்லை என்று முடிவு செய்தேன்.

முதலில் பாலைச் சோதித்தேன். காபி மேல் இருந்த ஏக்கந்தான் காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை. பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி தென்னிந்தியர்களில் பெரும்பாலோருக்குப் பிள்ளைப் பருவம் கடந்ததும் குறைந்துவிடுகிறது. ஆனால் குறைந்தவர்கள் எல்லோரும் பாலைத் தொடக்கூடாது என்பதில்லை. ஒரு தம்ளர் பாலில் உள்ள பத்துப் பன்னிரண்டு கிராம் லாக்டோஸைப் பெரும்பாலோர் தாங்கிக்கொள்கிறார்கள், உறைந்த தயிரில் அதுவும் ஓரளவு குறைந்துவிடுகிறது. பால் துளியும் ஆகாது என்று சொல்லிக்கொண்ட 30 பேரை அமெரிக்காவின் மினியாபொலிஸில் சோதித்து 1995-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது பேருக்கு லாக்டோஸ் நன்றாகவே செரித்தது. செரிக்காதவர்களுக்கும் தினம் ஒரு கோப்பைப் பால் குறிப்பிடத்தக்க தொல்லை எதையும் தரவில்லை. லாக்டோஸ் நீக்கிய பெட்டிப் பால் இப்போது கிடைக்கிறது. அது சற்றுத் தித்திக்கும். எனவே அதில் கலக்கும் காபிக்குச் சர்க்கரையை அரைக் கரண்டி குறைத்தாள் அம்மா. எந்த நாள் எந்தப் பால் என்பதை அவள்தான் தீர்மானித்தாள். இரவு ஒன்பது மணிக்கு நான் என் ஊகத்தை எழுதி வைத்தேன். பன்னிரண்டு நாளில் ஏழு நாள் சரி. காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாலும் ஏழோ அதற்கு மேலோ நூறில் ஏறக்குறைய நாற்பது முறை வந்திருக்கும். அதாவது எனக்கும் பாலுக்கும் ஒரு வழக்கும் இல்லை. பதினான்கு மாதம் கறுப்புக் காபி குடித்தது தெண்டம்.

வெங்காயத்தைக் கண்ணைக் கட்டிச் சோதிப்பது அவ்வளவு எளிதன்று, ஏனென்றால் அதன் மணமும் ருசியும் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே எனக்கு உதவியது ஒரு சின்ன உண்மை: ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது, மணமோ எண்ணெயில் நன்றாக இறங்கும். எனவே வெங்காயத்தையும் பூண்டையும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நல்லெண்ணெயில் சிவக்க வதக்கி அரித்து எடுத்துவிட்டால், மணம் மட்டும் சட்டியில் தங்கும். இதற்குச் சுண்டைக்காய் வற்றல் குழம்பைத் தேர்ந்தெடுத்தோம்; அதன் புளிப்பிலும் கசப்பிலும் எந்தச் சிறு வேறுபாடும் அமுங்கிப்போகும். எனக்கென்று ஒரு சிறு கல்சட்டி. சின்ன வெங்காயம் பன்னிரண்டு, பூண்டு நான்கு பல், இரண்டு விதத்திலும் ஒரே மாதிரி வதக்குவது. ஒரு விதத்தில் அவற்றை அம்மியில் மசிய அரைத்துக் குழம்பிலேயே கரைத்துவிடுவது. மற்றதில் அரித்து எடுத்துக் கொல்லையில் வாழையடியில் கொட்டிவிட்டு, குழம்பு நீர்த்துப் போகாமலிருக்க ஒரு கரண்டி அரிசி மாவைக் கரைத்துவிடுவது. வற்றல் குழம்புக்கு அரிசி மாவு கரைத்து விடுவது வழக்கமான கைவேலைதான் என்பதால் ருசியில் ஒன்றும் தெரியவில்லை.

தாயம் விளையாடுவதற்காக ஒரு பக்கம் உரைத்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டை ஒன்று எங்கள் வீட்டில் கிடந்தது. அதை அம்மா விடியற்காலையில் அடுப்படியில் உருட்டுவாள். கறுப்பு விழுந்தால் வெங்காயம் உள்ளே, வெள்ளை விழுந்தால் வெளியே. மனைவி வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்து உள்ளே வரும்போது சட்டி இறங்கியிருக்கும். அவள்தான் டப்பாவில் ஊற்றிக் கட்டினாள், எது என்று அவளுக்கும் தெரியாது. அம்மாவே கட்டிக் கொடுத்தால் அவள் முகமே எனக்குச் சொல்லிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. கறுப்பா வெள்ளையா என்பதை அம்மா நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் புள்ளியாகக் குறித்து அஞ்சறைப் பெட்டியின் அடியில் மடித்து வைத்தாள். ஒரு நாளின் விளைவு மறுநாளுக்குத் தொற்றிவிடக் கூடாது என்று ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தோம். இடைப்பட்ட நாளில் அமாவாசைச் சமையல். "ஏண்டா, வயித்துக்குப் பரீட்சை வச்சவனை நான் இப்பத்தான் பார்க்கறேன்" என்று சொல்லிக்கொண்டே, ஆனால் ஒரு நாளும் தவறாமல் செய்தாள். வாழையடிக்குப் போன வெங்காயத்துக்கு மட்டும் அவள் மனம் கடைசி வரை ஆறவில்லை.

இருபத்து நான்காம் நாள் இரவு, கூடத்தில் உட்கார்ந்து என் நோட்டையும் அவளுடைய தாளையும் அருகருகே வைத்து, கடையில் வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பதைப் போல ஒவ்வொரு வரியாக டிக் அடித்தேன். பன்னிரண்டு நாளில் ஏழு நாள் கறுப்பு, அவற்றில் ஆறு நாள் "இருக்கிறது" என்று எழுதியிருந்தேன். ஐந்து நாள் வெள்ளை, அவற்றில் நான்கு நாள் "இல்லை". பன்னிரண்டில் பத்து சரி. வெறும் ஊகத்தில் பத்தோ அதற்கு மேலோ சரியாக வருவது நூறில் இரண்டு முறைக்கும் குறைவு. தவறிய இரண்டில் ஒன்றை இன்றும் நினைத்துப் பார்ப்பேன். அன்று குழம்பில் வெங்காயமே இல்லை, ஆனால் கடையில் சரக்குக் கணக்கில் எட்டாயிரம் ரூபாய் இடித்துக்கொண்டு, சாயங்காலம் வரை தேடிக்கொண்டிருந்தேன். வயிறு அன்று எட்டு மதிப்பெண் வாங்கியது.

இதன்பின் அளவைப் பார்த்தோம். ஒரு நாளுக்கு நான்கைந்து சின்ன வெங்காயம் என்னை ஒன்றும் செய்வதில்லை. தாளிப்பில் விழுவது கணக்கிலேயே வராது. பத்தைத் தாண்டினால் மாலையில் தெரிகிறது. மூன்று சப்பாத்தி தயிரோடு சரி. அதே மூன்று சப்பாத்தி, மதியம் வெங்காய சாம்பார் சாப்பிட்ட நாளில், இரவில் குருமாவோடு என்றால் விடியற்காலை உறுதி. ஒவ்வொன்றும் தனியாக வந்தால் குடல் பொறுத்துக்கொள்கிறது. மூன்றும் ஒரே நாளில் கூடினால் வாய்க்கால் கரை உடைகிறது. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலப்பதை டப்பாவிலேயே அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஒரு வாரம் பயந்தேன். சிட்டிகை அளவில் அதனால் ஒன்றும் நேரவில்லை. கத்தரிக்காய்க்கும் வாழைக்காய்க்கும் முழு விடுதலை கொடுத்தாயிற்று. உருளைக்கிழங்கை மட்டும் இன்னும் தனியாகச் சோதிக்கவில்லை.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். இந்த வீட்டுச் சோதனை எல்லாம் விம்மல், வாயு, வயிற்றுப்போக்கு என்ற அளவில் நிற்பவர்களுக்கே. ஏதேனும் சாப்பிட்ட சிறிது நேரத்தில் உதடு தடிப்பதோ, உடம்பெல்லாம் தடித்து அரிப்பதோ, மூச்சு இழுப்பதோ இருந்தால் அது ஐஜிஇ என்ற வேறு வழியில் வரும் உண்மையான ஒவ்வாமை. இறாலில் இது அதிகம், எவ்வளவு வேகவைத்தாலும் அதைத் தூண்டும் புரதம் அழிவதில்லை. அதைப் புளியங்கொட்டை உருட்டிச் சோதிப்பது உயிரோடு விளையாடுவது. ஒவ்வாமை மருத்துவரிடம், அவசர மருந்துகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இடத்தில்தான் அதைச் செய்ய வேண்டும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உணவைக் குறைக்கும் எந்தச் சோதனையும் மருத்துவரைக் கேட்காமல் கூடாது.

ஒவ்வாமை போலத் தோன்றி வேறாக இருப்பதும் உண்டு. நாகப்பட்டினத்தில் இருக்கும் என் மைத்துனர், ஒருநாள் காணாங்கெளுத்தி சாப்பிட்ட அரைமணி நேரத்தில் முகம் சிவந்து, தலை கனத்து, நெஞ்சு படபடத்ததால், கடலோரத்தில் இருந்துகொண்டே நான்கு ஆண்டு எந்த மீனையும் தொடவில்லை. காணாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்களைப் பனிக்கட்டி இல்லாமல் வெயிலில் வைத்துவிட்டால் அவற்றில் ஹிஸ்டமின் பெருகிவிடும். வேகவைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டவருக்கு ஒவ்வாமையைப் போலவே முகம் சிவக்கும். அன்று அதே மீனைச் சாப்பிட்ட அவர் தம்பிக்கும் முகம் சிவந்ததா என்று மருத்துவர் கேட்ட ஒரு கேள்வியில் விஷயம் வெளிப்பட்டது. ஆமாம், சிவந்திருந்தது. இருவருக்கும் ஒரே நாளில் புதிதாக ஒவ்வாமை வந்திருக்க வழியில்லை. கெட்டது அந்த மீன். மருத்துவமனையில் சோதித்து உறுதி செய்துகொண்டு, இப்போது விடியற்காலையில் துறைமுகத்துக்கே போய்ப் பனிக்கட்டியில் புதைத்த மீனாகப் பார்த்து வாங்கி வருகிறார்.

வெங்காயமா, பூண்டா, அல்லது இரண்டும் சேர்ந்தா என்பதை நான் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. குழம்பில் இரண்டையும் ஒன்றாகவே அரைத்தோம் என்பது எங்கள் சோதனையில் நின்றுவிட்ட பெரிய ஓட்டை. தை அறுவடைப் பணம் கைக்கு வந்து வீடு கட்டுகிறவர்கள் மாசியிலும் பங்குனியிலும் கடையை மொய்ப்பார்கள். எட்டாயிரம் இடிக்கும் நாள்கள் அப்போது அதிகம், வயிற்றின் பேச்சை நம்ப முடியாது. கூட்டம் தணிந்ததும் சித்திரையில் பூண்டுக்கு மட்டும் பன்னிரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறேன். பூண்டின் மணத்தை மறைக்க வற்றல் குழம்பு போதாது, மிளகுக் குழம்புதான் சரிப்படும் என்கிறாள் அம்மா. புளியங்கொட்டையை அஞ்சறைப் பெட்டியிலேயே போட்டு வைத்திருக்கிறாள்.